கோழிப் பண்ணையில் மாட்டிய சார்ஜர்

போன சித்திரையில் நாமக்கல் பக்கம் இருக்கும் அக்கா வீட்டுக்கு, மாரியம்மன் நோம்பித் திருவிழா விருந்துக்குப் போயிருந்தேன். அக்காவும் மாமாவும் முட்டைக்கோழிப் பண்ணை வைத்திருக்கிறார்கள். நான் இருப்பது அயோத்தியாப்பட்டணத்தில். எலெக்ட்ரிக் கார் வாங்கிச் சில மாதங்கள்தான் ஆகியிருந்தன. பார்க்கிறவர்களிடமெல்லாம் அந்தக் காரைப் பற்றியே பேசி அறுத்துக்கொண்டிருந்த காலம் அது. போய் இறங்கியதுமே பண்ணையின் பழைய டீசல் ஜெனரேட்டரைக் காட்டி, "இந்தப் புகையை விட்டே ஊரைக் கெடுக்கறீங்க மாமா" என்று கிண்டல் வேறு. மாமா சிரித்துக்கொண்டார்.

ஆனால் என் காரில் சார்ஜ் குறைவாக இருந்தது. முந்தின நாள் ஆத்தூர் போய்விட்டு வந்தவன், ராத்திரி சார்ஜ் போட மறந்துவிட்டேன். வழியில் இருந்த சார்ஜிங் ஸ்டேஷனில் எனக்கு முன்னால் இரண்டு கார்கள். காத்திருக்கப் பொறுமையில்லாமல் வந்துவிட்டேன். ஷெட்டுக்குப் பக்கத்தில் தீவன அறையில் ஒரு பெரிய பிளக் இருந்தது. அக்காவிடம் கேட்டேன். "இப்ப வேண்டாங்கண்ணு, வெயில் தாழட்டும். ஷெட்டுல ஃபாகர் ஓடுது, ரெண்டும் சேர்ந்தா பியூஸ் தாங்காது" என்றாள். ஃபாகர் என்றால் கோழிகளின் மேல் பனி மாதிரி தண்ணீர் தெளிக்கிற மோட்டார். அது இல்லாவிட்டால் எங்கள் பக்கத்து வெயிலைக் கோழி தாங்காது. எனக்கும் அது தெரியும். தெரிந்தும், இந்த வண்டியைப் பற்றி அக்காவுக்கு என்ன தெரியும் என்று நினைத்துக்கொண்டு, அவள் அடுப்படிக்குப் போனதும் சார்ஜரை மாட்டிவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தேன்.

பியூஸ் போய் ஃபாகர் நின்றது யாருக்கும் தெரியவில்லை. வீட்டில் இன்வெர்ட்டர் இருந்ததால் ஃபேன் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. பண்ணையில் வேலை செய்யும் ஒரு அம்மா, "ஏனுங்க, கோழியெல்லாம் சாயுதுங்க!" என்று அலறிக்கொண்டு வந்த பிறகுதான் எச்சில் கையோடு ஓடினோம். கூண்டுகளில் கோழிகள் வாயைப் பிளந்து, இறக்கையை விரித்து இரைத்துக்கொண்டிருந்தன. மாமா ஜெனரேட்டரைக் கிளப்ப ஓடினார். அக்கா குடம் குடமாகத் தண்ணீரை வீசினாள். நான் எங்கே ஓடினேன் தெரியுமா? தீவன அறைக்கு. யாரும் பார்ப்பதற்குள் சார்ஜரைப் பிடுங்கி டிக்கியில் போட்டு மூடினேன். இதை எழுதும்போதுகூட உடம்பு கூசுகிறது.

நான் கிண்டல் செய்த ஜெனரேட்டர்தான் கரும்புகை கக்கிக்கொண்டு மிச்சக் கோழிகளைக் காப்பாற்றியது. செத்தவற்றைச் சாக்குகளில் கட்டி ஓரமாக வைத்தார்கள்.

மாமா போன் செய்ததும், நோம்பி நாள் என்றும் பாராமல் லைன்மேன் வந்தார். மெயின் போர்டைத் திறந்து பார்த்துவிட்டு, "லோடு அதிகமாகி உங்க பியூஸ் எரிஞ்சிருக்குங்க. லைன்ல ஒண்ணும் கோளாறு இல்லீங்க" என்றார். மாமாவுக்கு வந்ததே கோபம். "தெனமும் ஓடறதுதானுங்களே இன்னிக்கும் ஓடுது? உங்க தப்பை எங்க தலையில கட்டறீங்களா? எங்க வயித்துல அடிச்சுப்போட்டு நீங்க நல்லா இருப்பீங்களா?" எங்கள் ஊரில் திட்டினாலும் 'ங்க' போட்டுத்தான் திட்டுவார்கள். அன்றைக்குக் கடைசியில் அந்த 'ங்க'வும் போய்விட்டது. அந்த மனிதர் பியூஸை மாற்றிவிட்டு, கொடுத்த மோரைக்கூடத் தொடாமல் கிளம்பினார். நான் வேப்பமரத்தடியில் வாயை மூடிக்கொண்டு நின்றேன். அக்கா என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

சாயங்காலம் திரும்பும்போது அதே சார்ஜிங் ஸ்டேஷனில் காத்திருக்க வேண்டியிருந்தது. சும்மா உட்கார முடியவில்லை. மாமாவுக்குப் போன் போட்டு எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். திட்டுவார் என்று காதைக் கொடுத்துக்கொண்டு நின்றேன். ஆனால் அவர், "கோழி போனாப் போகுது மாப்ள. அந்த லைன்மேனை என்னென்னமோ பேசிப்புட்டனே" என்றார். அழுகிற மாதிரி இருந்தது குரல்.

மறுநாள் காலையிலேயே அவர் லைன்மேன் வீட்டைத் தேடிப்போய், தப்பு எங்கள் பண்ணையில்தான் என்று சொல்லி, கையைப் பிடித்துக்கொண்டு மன்னிப்புக் கேட்டாராம். அக்காதான் பிறகு சொன்னாள். என் பேச்சையே அவர் எடுக்கவில்லையாம்.

கார் நல்ல கார்தான், புகை விடாமல்தான் ஓடுகிறது, யார் கேட்டாலும் வாங்கச் சொல்கிறேன். ஆனால் லைன்மேன் வீட்டு வாசலில் அன்று தலைகுனிந்து நின்றிருக்க வேண்டியவன் மாமா அல்ல, நான்தான் என்பது இன்றுவரை என்னைத் தின்றுகொண்டிருக்கிறது.