ஆர்வில் ஸ்டாம்பரின் கீழ்த்தட்டு

கழற்றிய குழலின் பின்வாயில் கட்டைவிரல் நகத்தை வைத்து, முன்வாய் வழியாக ஒற்றைக் கண்ணால் பார்க்கிறார் ஆர்வில் ஸ்டாம்பர். நகத்தில் பட்ட வெளிச்சம் உள்ளே ஏறி, துருவைக் காட்டிக்கொடுத்துவிடும். இதற்காகவே அந்த ஒரு நகத்தைச் சோப்புப் போட்டுத் தேய்த்து வைத்திருக்கிறார். மற்ற நகங்களில் எண்ணெய்க் கறுப்பு.

கென்டக்கி மலைச் சரிவில் தூண்டிற்புழுவும் தோட்டாவும் விற்கும் கடை அது. அங்கே ஊரார் கொண்டுவரும் பழைய துப்பாக்கிகளைச் சோதித்துச் சொல்வது அவர் பொறுப்பு. தேறிய துப்பாக்கியைக் கைப்பிடி முன்னால் வரும்படி திருப்பி, உரியவரிடம் நீட்டுவார். தேறாததை, மேசைமேல் விரித்த கம்பளித் துணியில் ஒற்றை விரலால் அவர் பக்கம் தள்ளிவிடுவார். அப்படித் தள்ளப்பட்டதை யாராவது கடைக்கே கொடுத்துவிட்டுப் போனால் அது கண்ணாடி அலமாரியின் கீழ்த்தட்டுக்குப் போகும். வேண்டுபவர் மண்டியிட்டுத்தான் பார்க்க வேண்டும்.

மலிவு என்பதற்காக மட்டும் அவர் எதையும் ஒதுக்கியதில்லை. கடைக்குப் பின்னாலுள்ள மண்மேட்டில் சுட்டுப் பார்த்த பிறகே வாய் திறப்பார். தேறாததற்கு ஒரு கேலிப் பெயர் விழும்: 'நங்கூரம்', 'கதவுக்கு முட்டு'. மாலைக்குள் அந்தப் பெயர் பள்ளத்தாக்கு முழுவதும் பரவிவிடும். அந்தத் துப்பாக்கியைக் கண்ணால் காணாதவர்களும் சொல்வார்கள்.

இரண்டு குளிர்காலங்களாகக் கீழ்த்தட்டு நிரம்பி வழிகிறது. "இப்பல்லாம் எவன் ஒழுங்கா செய்யுறான்?" என்பார். அதே காலமாகக் காப்பிக் கோப்பையையும் இரு கைகளாலும் தூக்குகிறார். கேட்டால், "சுடுதுப்பா."

"ஆறிப்போய் ஒரு மணி நேரமாச்சு" என்பார் டுவைட். நிலக்கரி லாரி ஓட்டி ஓய்ந்தவர். காலை நேரத்தில் கடையின் ஒரே நாற்காலி அவருடையது.

சென்ற வாரம் நெடீன் கோம்ஸ் வந்தாள். பெட்ரோல் நிலையத்தில் வேலை; மலை மேல் தனி வீடு. ஆர்வில் ஒரு மாதத்துக்கு முன் சுட்டுப் பார்த்து 'நங்கூரம்' என்று தள்ளிய சின்னக் கைத்துப்பாக்கியை மீண்டும் கம்பளியில் வைத்தாள்.

"நான் சுட்டப்ப இது ஒரு தடவைகூட சிக்குனதில்ல, ஆர்வில். நீங்க சொன்னதுல இருந்து இதைப் பக்கத்துல வச்சுக்கிட்டுத் தூக்கம் வரல. விக்கலாம்னா சீந்த ஆளில்ல. வேற வாங்கவும் வழியில்ல."

"சொந்தத் துப்பாக்கியைக் குறை சொன்ன ஆளை நான் இன்னும் பார்க்கலம்மா."

"கட்டுனவனைத்தான் குறை சொல்லுவாங்க" என்றார் டுவைட்.

"அவனையும்தான் சொன்னேன். அவன் திரும்பி ஊருக்கு வந்திருக்கான். அதான் இது வேணும்."

டுவைட் காப்பிக்குள் பார்த்துக்கொண்டார்.

மூவரும் மண்மேட்டுக்குப் போனார்கள். ஆர்வில் சுட்டார். மூன்றாவது தோட்டாவின் காலிக் கூடு வெளியே விழாமல் இடையில் சிக்கி நின்றது. "பார்த்தியா" என்றார், ஏறக்குறைய நிம்மதியாக.

நெடீன் துப்பாக்கியை வாங்கி, கூட்டை எடுத்தெறிந்துவிட்டுச் சுட்டாள். ஒன்று விடாமல் எல்லாக் கூடுகளும் புல்லில் விழுந்தன. மறுபடி நிரப்பிச் சுட்டாள், மறுபடியும் விழுந்தன. ஆர்வில் கேட்டு வாங்கினார். இம்முறை இரண்டாவதே சிக்கியது.

எடை குறைந்த துப்பாக்கி, பிடிக்கும் மணிக்கட்டு தளர்ந்தால் சிக்கும். புதிதாகச் சுட வருகிறவர்களிடம், "மணிக்கட்டைப் பூட்டு, அப்புறம் துப்பாக்கியைத் திட்டு" என்று சொல்லிச் சொல்லி அலுத்தவர் அவர். தன் வலக்கையைச் சற்று நேரம் பார்த்தார். பிறகு அதைக் கால்சட்டைப் பைக்குள் விட்டுக்கொண்டார்.

"தயவுதாட்சண்யம் பார்க்காம சொல்லுங்க" என்றாள் நெடீன். "இதை நம்பி நான் படுக்கலாமா?"

ஆர்வில் கடைக்குள் நடந்தார். துப்பாக்கியை எண்ணெய்த் துணியால் துடைத்தார். குழலை நகத்தில் பிடித்துப் பார்த்தார், பூட்டினார். கைப்பிடியை அவள் பக்கம் திருப்பி நீட்டினார்.

அவள் வாங்கிக்கொண்டு திரும்பினாள்.

"இரும்மா" என்றார்.

அலமாரியின் முன் அவரே மண்டியிட்டார். கீழ்த்தட்டில் கிடந்தவற்றை ஒவ்வொன்றாக எடுத்துக் கம்பளியில் வரிசையாக வைத்தார். "இதெல்லாம் உன் கையில எப்படின்னு பார்க்கணும்" என்றார். பிறகு தோட்டாப் பெட்டி ஒன்றை, ஒற்றை விரலால், அவள் பக்கம் தள்ளினார்.