சுமை ஏற்றிக் கேட்பவர்

"எத்தனை கிலோ இருப்பீங்க சார்?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் என்னைத் தலை முதல் கால் வரை ஒரு பார்வை பார்த்து, சட்டைப் பையிலிருந்து நோட்டை எடுத்து எழுபத்தெட்டு என்று எழுதிக்கொள்கிறார் வோல்ட்டு. போன மாதம் எழுபத்தாறு என்று எழுதியிருந்தாராம். அந்தப் பக்கத்தையும் புரட்டி எனக்குக் காட்டுகிறார். நான் கேட்கவே இல்லை.

எங்கள் மருத்துவமனை ஊழியர்கள் அத்தனை பேரின் எடையும் அந்த நோட்டில் உண்டு. பெயர் மட்டும் இருக்காது. 'மருந்துக் கிடங்கு 78' என்பது நான். 'வாசல் காவல், மீசை 64.' 'கட்டுப் போடுறவர் 81.' சமையல் பிரிவின் தலைமை அம்மாள் எடையைச் சொல்ல மறுத்துவிட்டதால் அவருக்கு நேரே ஒரு கேள்விக்குறி. கண்ணால் மதிப்புப் போட்டு எழுத வோல்ட்டுக்குத் துணிச்சல் வரவில்லை.

வாசலில் இறங்கும் நோயாளிகளை மேட்டின் உச்சியில் இருக்கும் வார்டுகளுக்கு ஏற்றிப்போக எங்களிடம் ஐந்து மின்வண்டிகள் இருக்கின்றன. அவற்றின் பேட்டரிகளைப் பராமரிப்பது வோல்ட்டின் வேலை; அந்தப் பட்டப்பெயரும் அதனால் வந்ததுதான். வண்டிக்கு ஆறு பேட்டரிகள், ஒன்றோடொன்று கோத்தபடி. ஒன்று சோர்ந்தால் மற்ற ஐந்தும் சேர்ந்து சோரும். சோர்ந்தது எது என்று கண்டுபிடிக்க, வண்டி நிறைய ஆட்களை ஏற்றி மேட்டில் ஓட்டியபடியே ஒவ்வொன்றாக அளந்து பார்ப்பார். அந்த ஆட்கள் நாங்கள்தான். நோயாளிகளை வைத்து வெள்ளோட்டம் பார்க்கக் கூடாது என்பதில் அவர் கண்டிப்பானவர். ஊழியர்களைப் பற்றி அப்படி எந்தக் கவலையும் அவருக்கு இல்லை.

"சும்மா நிக்கும்போது கேட்டா எல்லா பயலும் நான் நல்லாத்தான் இருக்கேன்னுதான் சொல்லுவான். முதுகுல சுமைய வச்சுட்டுக் கேக்கணும் சார்."

பயல் என்று அவர் சொல்வது பேட்டரியை. ஐம்பத்தைந்து வயது, ஒல்லியான உடம்பு, கழுத்தில் தாயத்தைப் போல எப்போதும் ஒரு மீட்டர். அமிலம் தெறித்துத் தெறித்து அவருடைய சட்டைகள் எல்லாவற்றிலும் வயிற்றுப் பக்கம் பொடிப்பொடியாக ஓட்டை. "உங்களுக்குச் சட்டை எடுக்கறதுக்குப் பதிலா ஒரு சல்லடை எடுத்துக் கட்டிவிடலாம்" என்பது அவர் மனைவியின் கட்சி. அந்த அம்மாளுக்கும் பாடு அதிகம். வீட்டுச் சுவர்க் கடிகாரம் நின்றால் செல்லை மாற்றிவிட்டுப் போகிற மனிதர் இல்லை இவர். கழற்றி, அளந்து, அது ஏன் இப்படி ஆனது என்று யோசித்துவிட்டுத்தான் மாட்டுவார். அதுவரை அந்த வீட்டில் மணி என்னவென்று யாருக்கும் தெரியாது.

அவரிடம் இன்னொரு சட்டமும் உண்டு. ராத்திரி முழுக்க சார்ஜ் ஏறிய பேட்டரியை, சார்ஜரிலிருந்து கழற்றிய கையோடு அளக்கவே கூடாது. "வயிறு முட்ட சாப்பிட்டு எழுந்தவன்கிட்ட பசிக்குதான்னு கேட்டா என்ன சொல்லுவான்? மத்தியானம் வரைக்கும் அவனை விட்டுடணும். அப்புறம் கேட்டாத்தான் உண்மை வரும்." புதிதாகச் சேர்ந்த மின் பணியாளர் ஒருவர் ஒரு நாள் காலையில் அவசரப்பட்டு மீட்டரை வைத்துவிட்டார். என் ஜன்னலுக்குக் கீழே நிறுத்தி அவருக்கு அரை மணி நேரம் பாடம் நடந்தது. அன்று நான் மாத்திரைப் பெட்டிகளை இரண்டு முறை எண்ண வேண்டியதாயிற்று.

இரண்டாம் எண் வண்டியை ஓட்டுபவர் ஒரு பெண். போன மாதம் அந்த வண்டி ஒரே வாரத்தில் மூன்று முறை, நோயாளிகளோடு, பாதி மேட்டில் நின்றுவிட்டது. பேட்டரிகளைச் சோதித்து எழுதித் தரும்படி மேற்பார்வையாளர் வோல்ட்டிடம் சொன்னார். பேட்டரியில் குறை இல்லையென்றால் குறை ஓட்டுகிறவரிடம் என்பது அவர் கணக்கு. அப்படியானால் முதல் தேதியிலிருந்து ஓட்டுநருக்குச் சலவைப் பிரிவு. வண்டி வேலை மூன்று மணிக்கு முடிந்துவிடும். சலவையில் ஏழு ஆகும். மூன்றரை மணிக்குப் பள்ளிக்கூட வாசலில் காத்து நிற்கும் மகளை அழைத்துப்போக அவருக்கு வேறு நாதி கிடையாது. இது வோல்ட்டு உட்பட எல்லோருக்கும் தெரியும்.

சோதனை நாள் காலையில் வோல்ட்டின் கைபேசி ஓயவே இல்லை. மாமியார் மூட்டை முடிச்சோடு வந்து பூட்டிய வீட்டின் முன்னால் நிற்கிறார். மனைவி வேலைக்குப் போய்விட்டார். சாவி வோல்ட்டின் பையில். "இதோ வந்துட்டேன், அஞ்சே நிமிஷம்" என்று அவர் மூன்று முறை சொன்னது என் காதில் விழுந்தது. பிறகு மேற்பார்வையாளரின் மேசையில் ஒரு தாளை வைத்துவிட்டு ஓட்டமும் நடையுமாகப் போனார். ஆறு பேட்டரிகளும் நல்ல நிலையில் உள்ளன என்று அதில் எழுதியிருந்தது. அன்று மாலையே ஓட்டுநரைச் சலவைக்கு மாற்றும் உத்தரவும் தயாராகிவிட்டது.

மறுநாள் ஓட்டுநர், என் ஜன்னலுக்குக் கீழே இருக்கும் வண்டிக் கொட்டகைக்கு வந்தார். சண்டை போடப் போகிறார் என்று நினைத்து நான் ஜன்னலை நன்றாகத் திறந்து வைத்துக்கொண்டேன்.

"அண்ணே, நீங்க எழுதினது இருக்கட்டும். ஒரு தடவ எங்கூட மேட்டுல வாங்க."

"அதான் பாத்தாச்சேம்மா. ஆறு பேரும் ஜம்முனு இருக்கானுங்க. நீதான் மேட்டுல போட்டு மிதிக்கிற."

"சுமை ஏத்திக் கேட்டீங்களாண்ணே?"

வோல்ட்டு கண்ணாடியைக் கழற்றி ஓட்டைச் சட்டையின் நுனியில் துடைத்தார். துடைக்க அங்கே ஒன்றும் இல்லை. அப்புறம் நோட்டை எடுத்தார்.

நான், மீசை, கட்டுப் போடுபவர், கேள்விக்குறி ஆகிய நால்வரும் முன் வரிசைகளில் ஏறினோம். பின் இருக்கையைத் தூக்கிவிட்டால் அடியில் ஆறு பேட்டரிகளும் தெரியும். வோல்ட்டு பின்படியில் குந்தி, ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டார். சமதரையில் அவர் குரல் கம்பீரமாக இருந்தது.

"முதல் ஆள் எட்டு புள்ளி ரெண்டு. அடுத்தவன் எட்டு புள்ளி ஒண்ணு. கேட்டியாம்மா? மூணாவது, எட்டு புள்ளி ரெண்டு."

மேடு தொடங்கியபோது அவர் நாலாவதற்கு வந்திருந்தார். "ஏழரை," என்றார். "ஏழு." நான் கழுத்தைத் திருப்பிப் பார்த்தேன். மீட்டரில் ஆறு என்றிருந்தது, பிறகு ஐந்தரை, பிறகு ஐந்து. வண்டி முனகிக்கொண்டே நின்றுவிட்டது. ஓட்டுநர் கைப்பிரேக்கை இழுத்துப் பிடித்தபடி நேராக முன்னால் பார்த்துக்கொண்டிருந்தார்.

"என் வெயிட்டாலதான்னு மட்டும் எழுதிடாதீங்க," என்றார் சமையல் தலைமை.

நாங்கள் சிரித்தோம். வோல்ட்டு சிரிக்கவில்லை. நாலாவது பேட்டரியின் மூடியைத் திறந்து, ரப்பர் குமிழ் வைத்த கண்ணாடிக் குழாயால் அமிலத்தை உறிஞ்சி வெளிச்சத்தில் பிடித்தார். நல்ல பேட்டரியென்றால் உள்ளே இருக்கும் மிதவை எழும்பி நிற்க வேண்டும். அது அடியிலேயே கிடந்தது.

"கழட்டின உடனே கேட்டேன்," என்றார், எங்களிடம் இல்லை, பேட்டரியிடம். "கழட்டின கையோட கேட்டுட்டேன்."

எனக்கு அவர்மேல் கோபம் வந்தது. ஊருக்கெல்லாம் பாடம் எடுத்த மனிதர், மாமியாருக்குக் கதவைத் திறந்துவிடும் அவசரத்தில் ஒரு பெண்ணின் பிழைப்பில் கை வைத்திருக்கிறார். இறங்கி நாலு வார்த்தை கேட்டுவிடலாம் என்று இருந்தேன். அதற்குள் மேட்டின் மேலிருந்து மேற்பார்வையாளர் கோப்போடு இறங்கி வந்துவிட்டார். வோல்ட்டின் முகத்தைப் பார்த்ததுமே அவருக்கு விஷயம் புரிந்துவிட்டது. மாறுதல் உத்தரவில் தன் கையெழுத்தும் இருக்கிறது என்பதை மறந்தவரும் இல்லை.

"இன்னிக்குத்தான் போயிருக்கும், இல்லையா?" என்றார் அவர். "நீங்க பாத்தப்போ நல்லாத்தானே இருந்திருக்கு. பேட்டரின்னா அப்படித்தான்."

நல்ல வழிதான். பேட்டரி ஒரே ராத்திரியில் படுத்துவிடுவது உண்டு. வோல்ட்டு ஆமாம் என்று சொல்லியிருந்தால் மறுத்துப் பேச எங்களில் ஒருவருக்கும் படிப்பு போதாது. முன்பு வண்டி நின்ற மூன்று தடவையும் ஓட்டுநரின் தலையிலேயே கிடந்திருக்கும்.

"இல்ல சார். போன வாரமே இவன் இப்படித்தான் இருந்திருப்பான். நான்தான் ஒழுங்கா கேக்கல."

கோப்பிலிருந்து தன் தாளை அவரே உருவினார். இருக்கைமேல் வைத்து, எழுதியிருந்த வரியை அடித்தார். கீழே, 'நாலாவது பேட்டரி, சுமையில் ஐந்து வோல்ட். முன்பு எழுதியது என் தவறு. வண்டி நின்றதற்கு ஓட்டுநர் பொறுப்பல்ல' என்று பெரிய எழுத்தில் எழுதினார். பிறகு 'சோதித்தவர்' என்று அச்சடித்திருந்த இடத்தில் இருந்த தன் கையெழுத்தையும் ஒரே கோடாக அடித்தார். தாளை ஓட்டுநர் பக்கம் திருப்பி வைத்து, அடித்த கையெழுத்துக்குப் பக்கத்தில் இருந்த வெற்றிடத்தை விரலால் காட்டி, அவர் கை பிரேக்கை விட்டு வரும் வரை பேனாவை நீட்டியபடியே நின்றார்.