வெள்ளிக்கிழமைச் சங்கு

வெள்ளிக்கிழமை பகலில் நான் சாப்பாட்டு டப்பாவைத் திறக்கிற நேரம் பார்த்து, மேசை மேல் இருக்கும் ஆபீஸ் போன் ஒரே ஒரு தரம் அடித்து நிற்கும். திரையில் ‘நைனா’ என்று வரும். அது என் நைனா இல்லை. அந்தப் பேரைப் பதிந்து வைத்தவள் என் தோஸ்து; அவளுடைய அப்பா அவர். அவள் போய் இரண்டு மழைக்காலம் ஆகிவிட்டது. அவள் பார்த்த வேலையோடு அந்தப் போனும் என்னிடம் வந்தது. பேரை மட்டும் நான் மாற்றவில்லை.

எண்ணூரில் ரசாயனத் தொட்டிகள் நிற்கும் ஒரு யார்டில் நாங்கள் இருவரும் நெட்வொர்க் பார்த்தோம். யார்டில் வாயு கசிந்தால் முகத்துவாரக்குப்பத்தில் சங்கு ஊத வேண்டும். சைரனை எங்கள் பக்கம் இன்னமும் சங்கு என்றுதான் சொல்வோம். ஊதச் சொல்லும் செய்தி எங்கள் நெட்வொர்க் வழியாகத்தான் குப்பத்துக்குப் போகும். என் தோஸ்துவின் வீடும் அங்கேதான், சங்குக் கம்பத்துக்கு நேர் கீழே. மற்றவர்களுக்கு அது ஒரு கனெக்‌ஷன். அவளுக்கு அவள் நைனாவின் உயிர்.

முன்பெல்லாம் யார்டில் உள்ள ஒவ்வொரு ஸ்விட்ச் பெட்டியும், எந்தச் செய்தியை எந்தப் பக்கம் அனுப்புவதென்று தானே முடிவு செய்யும். அப்புறம் மென்பொருள் ஆளுகிற நெட்வொர்க் வந்தது. பெட்டிகளின் மூளையையெல்லாம் பிடுங்கி, கன்ட்ரோலர் என்ற ஒரே மென்பொருளிடம் கொடுத்துவிட்டார்கள். அது எழுதித் தரும் விதிப்படி பெட்டிகள் நடக்கும். வசதிதான், நான் இல்லையென்று சொல்லவில்லை. ஒரு கேமரா சேர்க்க யார்டு முழுக்க ஏணி தூக்கி அலைந்த பிழைப்பு ஒழிந்தது. ஆனால் அதற்கு ஒரு கெட்ட பழக்கம். பெட்டிகளில் இடம் கம்மி என்பதால், ஒரு வாரத்துக்கு மேல் பயன்படாத விதியை வேண்டாததென்று பெருக்கித் தள்ளிவிடும். சங்கோ வருஷக்கணக்கில் ஊதாமலே இருக்கக்கூடியது. “ஊதலன்னா நல்லதுன்னு நாம நெனக்கிறோம். ஊதலன்னா தேவயில்லன்னு அது நெனக்குது. பேஜாரு புடிச்சது” என்பாள் என் தோஸ்து. சங்கின் விதியை நிரந்தரமாக வைக்கச் சொல்லி மேனேஜரிடம் கேட்டுக் கேட்டு அலுத்துப்போய், வெள்ளிக்கிழமைச் சோதனையை ஆரம்பித்தாள். வாரம் ஒரு தரம் அந்த வழியில் செய்தி போனால் விதி பிழைத்துக் கிடக்கும். செய்தி போனதென்று திரையில் பச்சை விழுந்தால் அவளுக்குப் போதாது. நைனா காதால் கேட்டு மிஸ்டு கால் கொடுக்க வேண்டும். வந்தாலும் எடுக்க மாட்டாள். “எங்க நைனா உசாராத்தான் கீது” என்று சிரித்துக்கொண்டே என் டப்பாவில் கை வைப்பாள்.

ஒரு காய்ச்சல்தான். ஆஸ்பத்திரிக்கு நடந்து போனவள் திரும்பி வரவில்லை. காரியம் முடிந்த பிறகு வந்த வெள்ளிக்கிழமை, சங்கை ஊதவிட்டுவிட்டு வெறுமனே உட்கார்ந்திருந்தேன். போன் அடித்தது. ‘நைனா’. செத்துப்போன மகளுக்கு அவர் மிஸ்டு கால் கொடுக்கிறார், செத்துப்போனவள் சொல்லி வைத்ததை இந்த இரும்புப் பெட்டிகள் இன்னும் கேட்டுக்கொண்டிருக்கின்றன, நடுவில் நான் மட்டும் உயிரோடு இருக்கிறேன். எடுக்கத் தைரியம் வரவில்லை. அப்படியே பழகிவிட்டது.

போன மாதம் கன்ட்ரோலரின் புதுப் பதிப்பைப் போட்டார்கள். அந்த வாரத்து வெள்ளிக்கிழமையும் திரையில் பச்சை விழுந்தது. போன் அடிக்கவில்லை. நெட்வொர்க் சரியாகத்தானே இருக்கிறது, அப்போது நைனாவுக்குத்தான் என்னவோ ஆகிவிட்டது என்று நினைத்தேன். டப்பாவை மூடாமலே ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு ஓடினேன். அவர் கம்பத்தடியில் போனைக் கையில் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார். “சங்கு ஊதலியேம்மா. ஊதாம நான் எப்டி அடிக்கிறது?” என்றார்.

திரும்பி வந்து பார்த்தால், வாராவாரம் ஊரைத் தொந்தரவு செய்வானேன் என்று, மென்பொருள் தந்தவர்கள் உள்ளேயே ஒரு போலிச் சங்கை வைத்து, சோதனையை அதற்குத் திருப்பிவிட்டிருக்கிறார்கள். போலிச் சங்கு ஊதியது, பச்சை விழுந்தது. நிஜ வழியில் ஒரு வாரமாகச் செய்தியே போகாததால் அவள் எழுதிய விதி பெருக்கித் தள்ளப்பட்டிருந்தது. அன்றைக்கு ஏதாவது கசிந்திருந்தால் குப்பத்தில் ஒருவருக்கும் தெரிந்திருக்காது. எனக்கு ஆத்திரமும் அழுகையும் சேர்ந்து வந்தது. அவள் இரண்டாம் தரம் செத்த மாதிரி இருந்தது. மேனேஜரிடம் கத்தித் தீர்த்துவிட்டு, விதியை மறுபடி எழுதினேன், இந்தத் தடவை நிரந்தரமாக. எழுதியவர் பேரைக் கன்ட்ரோலர் கேட்டது. அவள் பேரைப் போட்டேன். “நிரந்தரம்தானே, இனிமேல் சோதனை எதற்கு?” என்றார் மேனேஜர். ஊதத்தான் வேண்டும் என்றேன்.

அடுத்த வெள்ளிக்கிழமை நிஜச் சங்கு ஊதியது. போன் அடித்ததும், சந்தோஷத்தில் என்னையறியாமல் எடுத்துவிட்டேன். அந்தப் பக்கம் கடல்காற்று இரைந்தது. “நைனா” என்றேன்.

“எடுக்காதம்மா” என்றார். “எடுக்காம வுட்டா, அவ வேலயா கீறான்னு நெனச்சிக்குவேன்.”

இன்றைக்கும் வெள்ளிக்கிழமை. டப்பாவைத் திறந்தேன், போன் அடித்தது. ‘நைனா’. கையை மடியில் வைத்துக்கொண்டு, அது நிற்கும்வரை பார்த்துக்கொண்டிருந்தேன்.