பெயர் சொல்லாத பாட்டு

என் மாமாவுக்கு இரண்டு வேலை. ஓசூரில் ஒரு கம்பெனியில் ஷிஃப்ட் பார்ப்பது ஒன்று. மேல்நாட்டு இசை எழுதுவது இன்னொன்று. முதலாவது சோறு போட்டது. இரண்டாவதைப் பற்றி எங்கள் வீட்டில் யாரும் வெளியே மூச்சு விடுவதில்லை.

அதைப் பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிந்தவர் ஒரே ஒருவர்தான். மாமாவோடு வேலை பார்த்த அஞ்செட்டிக்காரர். விடுமுறை நாளில் மாமாவைத் தன் பைக்கில் பெங்களூருக்கு இசை வகுப்புக்குக் கூட்டிப்போய், முடியும்வரை டீக்கடையில் உட்கார்ந்திருப்பார். அவர் மஞ்சள்காமாலையில் பொசுக்கென்று போய்விட்டார். மாமா அழவில்லை, அவருக்காக எழுத ஆரம்பித்தார்.

நான் ஐந்தாவது படிக்கும்போது அதைப் பெங்களூரில் ஓர் அரங்கத்தில் வாசித்தார்கள். நண்பரை வளர்த்து ஆளாக்கிய அக்கா அதைக் கேட்க வேண்டும், மாமாவுக்கு அது ஒன்றுதான் ஆசை. காட்டுக்கு நடுவில் இருக்கும் அஞ்செட்டிக்கு வேன் அனுப்பினார். மாடுகளைப் பக்கத்து வீட்டில் ஒப்படைத்துவிட்டு, விசேஷத்துக்குக் கட்டும் சேலையில் வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார் அந்த அக்கா.

மேடை நிறைய வயலின்கள், பித்தளைக் குழல்கள். ஒருவர் இழுப்பார், நிறுத்துவார். வேறொருவர் எங்கிருந்தோ முனகுவார். "இன்னும் சுருதியே சேத்துக்கிட்டிருக்கானுங்க" என்று அப்பா கொட்டாவி விட்டார். அக்கா மட்டும் பாடுகிறவர் எப்போது வருவார் என்று காத்திருந்தார். அவர் ஊரில் செத்தவனுக்குப் பாட்டு என்றால் பேர் சொல்லித்தான் பாடுவார்கள். அவன் மேய்த்த மாட்டையும் விட்டுப்போன வீட்டையும் சொல்லித்தான் பாடுவார்கள். இங்கே யாரும் பாடவில்லை. திடீரென்று எல்லோரும் எழுந்து கைதட்டினார்கள்.

மாமா வியர்த்த முகத்தோடு ஓடி வந்தார். அக்கா அவர் தோளுக்கு மேலாக மேடையையே பார்த்தார்.

"ஏந்தம்பி, எங்க சின்னவன் பாட்டு எப்ப வரும்? இருட்டுனா ரோட்டுல யானை நிக்கும்னு வேன்காரன் அவசரப்படுத்துறான்."

மாமாவின் சிரிப்பு அப்படியே நின்றுபோயிற்று. இப்போது வாசித்து முடித்ததே அதுதான் என்று சொன்னால், தம்பிக்குக் கிடைத்தது இவ்வளவுதானா என்று அக்கா மனசு விட்டுப்போகும் என்று பயந்திருக்க வேண்டும்.

"இன்னிக்கு நேரம் பத்தலைங்கக்கா. அடுத்த தடவை வெக்கறாங்களாம்."

"அதுக்கென்ன, இருக்கட்டும்." அக்கா செருப்பை மாட்டிக்கொண்டார். "இப்ப வாசிச்சாங்களே, அது யாருக்கு எழுதுனதோ, பாவம். எழுதுனவனுக்கு உசுராட்டம் யாரோ போயிருக்காங்க தம்பி. எனக்கு நெஞ்சே அடைச்சுக்கிச்சு."

மாமா வாசல்வரை கூடவே போய் அக்காவை வேனில் ஏற்றிவிட்டார். வேன் கிளம்பிவிட்டது. அஞ்செட்டிக்குப் போய்ச் சொல்லிவிட வேண்டும் என்று மாமா நாள் பார்த்துக்கொண்டே இருந்தார். அடுத்த மழைக்காலத்தில் அந்த அக்காவும் போய்விட்டார்.

அதை வாசித்த அன்றைக்கு, வேன் போனதும் மாமா அரங்கத்துப் படியில் உட்கார்ந்து தேம்பித் தேம்பி அழுதார். எங்கள் கூட்டத்தில் அவர் எழுதியதை மெச்சியவர் அந்த அக்கா ஒருவர்தான். அதற்குப் போய் இவர் ஏன் அழுகிறார் என்று எனக்குப் புரியவில்லை.