அரைமணித்தியாலத் தண்ணீர்

"வழங்குபவரும் பெறுபவரும் மிகுந்த ஒற்றுமையுடன் வாழும் சகோதரர்கள்" என்று, சிறுநீரக மாற்றுச் சத்திரசிகிச்சைக்கு முன் விசாரித்த குழு எழுதிவைத்தது. அந்தக் குழுவில் ஒருவர்கூடச் சகோதரர்களின் ஊரான கோப்பாயில் ஒரு வியாழக்கிழமையைக் கழித்தவர் அல்லர்.

வியாழக்கிழமைதான் பங்குக் கிணற்றில் இருவருக்கும் இறைப்பு முறை. அண்ணன் முத்துக்குமாருவின் முறை முடிவதற்கும் தம்பி சீவரத்தினத்தின் முறை தொடங்குவதற்கும் நடுவே ஒரு அரைமணித்தியாலம் கிடந்தது. தகப்பன் பிரித்துக்கொடுக்க மறந்துபோன ஒரே சொத்து அது. இருவரும் அதைத் தங்களுடையது என்றார்கள். அண்ணனின் சிறுநீரகங்கள் பழுதானபோது, யாரும் கேட்க முன்னரே சீவரத்தினம் தன்னுடையதில் ஒன்றைக் கொடுத்தார். அரைமணித்தியாலத்தைக் கொடுக்கவில்லை. காயம் ஆறியதும் இருவரும் வெங்காயத் தோட்டத் தறையில் நின்று, சண்டையை விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார்கள்.

இப்படியே நாலு வருடம் போனது. இந்தத் தை மாதம் சீவரத்தினத்துக்குச் சாதாரணத் தடிமன். மூக்கைத் தோளில் துடைத்துத் துடைத்து, அண்ணனின் முகத்துக்கு நேரே நின்று கத்திவிட்டுப் போனார். அடுத்த வியாழன், தடிமன் விட்ட உற்சாகத்தில் முறைக்கு முன்பே இறைப்பு மெசினைப் போட்டார். வாய்க்கால் நிறையத் தண்ணீர் ஓடியது. அண்ணனைக் காணவில்லை. ஒரு ஏச்சுக்கூட இல்லாமல் தண்ணீர் பாய்வதைப் பார்க்க அவருக்குப் பயம் பிடித்தது. மெசினை ஓடவிட்டபடியே வேலிப் பொட்டுக்குள்ளால் புகுந்து அண்ணன் வீட்டுக்கு ஓடினார்.

முத்துக்குமாரு கதிரையில் சாய்ந்திருந்தார். கழுத்தில் புறங்கை வைத்துப் பார்த்த அண்ணன் மனைவி, குணலட்சுமி மச்சாள், காய்ச்சல் இல்லை, வெறும் களைப்புத்தான் என்றார்.

"அண்ணை, தண்ணி போகுது," என்றார் சீவரத்தினம்.

"போகட்டும்."

அந்த ஒரு சொல்லுக்கு முத்துக்குமாரு இரண்டு தரம் மூச்செடுத்தார். சீவரத்தினம் ஓட்டோவைக் கூப்பிட்டார்.

ஆஸ்பத்திரியில் டொக்டர், வீட்டில் ஆருக்கும் தடிமனோ என்று கேட்டார்.

"எனக்குத்தான்," என்றார் சீவரத்தினம். "ஆனா அது சும்மா தடிமன்."

டொக்டர் விளங்கப்படுத்தினார். உடம்புக்கு ஒரு காவல் நாய் உண்டு. அவிழ்த்துவிட்டால் தம்பியின் சிறுநீரகத்தையும் அந்நியன் என்று கடித்துக் குதறும். அதனால் நாலு வருடமாக மாத்திரையால் கட்டிவைத்திருக்கிறார்கள். நாயைக் கட்டிவைத்த வீடு என்றபடியால், தம்பியின் மூக்கோடு நின்ற வைரஸ் அண்ணனின் நெஞ்சுவரை இறங்கிவிட்டது. காய்ச்சல் என்பது அந்த நாய் குரைப்பது. அதுகூடச் சரியாகக் கேட்கவில்லை. இனி மாத்திரையைக் கொஞ்சம் குறைத்துச் சங்கிலியைத் தளர்த்த வேண்டும். கூடத் தளர்ந்தால் சிறுநீரகம் போய்விடும்.

சீவரத்தினம் கண்ணாடிக் கதவுக்கு வெளியே நின்றார். உள்ளே அண்ணன், மூக்கிலும் வாயிலும் ஒட்சிசன் மாட்டியபடி. கட்டிலுக்குக் கீழே தொங்கிய பையில் சிறுநீர் சொட்டுச் சொட்டாய் இறங்கிக்கொண்டிருந்தது. தன்னுடைய சதை, தன்னை ஒரு வார்த்தை கேளாமல், அண்ணனுக்காக அங்கே இறைத்துக்கொண்டிருக்கிறது. முறை இல்லை, நேரம் இல்லை, கணக்கு இல்லை. பிறந்ததிலிருந்து இறைப்போடு வாழ்ந்த மனுசனுக்கு இப்படியும் ஒரு இறைப்பு இருப்பது தெரியாது. மூலஸ்தானத்துக்கு முன் நிற்பதுபோலக் கையைக் கட்டிக்கொண்டு, அந்தச் சொட்டு நின்றுவிடுமோ என்று பார்த்தபடி நின்றார்.

அது நிற்கவில்லை.

ஒட்சிசனைக் கழற்றிய அன்று முத்துக்குமாரு தம்பியைக் கிட்டக் கூப்பிட்டார்.

"டேய், அண்டைக்கு என்ரை முறையிலைதானே மெசினைப் போட்டனி?"

"ஓம் அண்ணை."

"இரு, சுகமாகி வாறன்."

வந்தார். அரைமணித்தியாலச் சண்டை இன்னும் தீரவில்லை. தடிமன் பிடித்த வியாழக்கிழமைகளில் சீவரத்தினம் முகக்கவசம் போட்டு, கிணற்றுக்கு அந்தப் பக்கம் நின்று சண்டை பிடித்தார்.