சின்ன போட்டுக்கும் தடையா?

எங்கள் பக்கத்தில் காட்டுக்குப் போவது என்றால் மூலக்கொத்தளம் சுடுகாட்டுக்குப் போவது. போனவர் திரும்பி வரமாட்டார். அதனால் போன வருஷம் மே மாதத்தில், கருவாடு விற்றுக்கொண்டிருந்த என் அம்மா, "நாளைக்கு குடும்பத்தோட காட்டுக்குப் போறோம்" என்று பெருமையாகச் சொன்னபோது, பக்கத்தில் கடை போட்டிருந்த அக்கா அரிவாள்மணையை விட்டு எழுந்தே விட்டார்.

"அய்யய்யோ! யாரு பூட்டாங்க?"

"யாரும் பூடல. இது மரம் கீற காடு. அருவி கீது. கொரங்கு கீது."

"கொரங்கு பாக்கவா அம்மாந் தொலவு போற? எங்க வூட்டுக்காரரு வூட்லதான் கீறாரு, வந்து பாத்துட்டுப் போ."

இந்தக் கதை மாலைக்குள் தெருவெல்லாம் பரவியது. என்னை நிறுத்தி, "இன்னாமா, காட்டுக்காமே?" என்று கேட்காத ஆள் இல்லை.

என் நைனா விசைப்படகில் ஆளாகப் போகிறவர். அம்மா ராயபுரத்தில் மீனும் கருவாடும் விற்பவள். நான் துறைமுகத்தை ஒட்டிய ஒரு சரக்கு அலுவலகத்தில் வேலை செய்கிறேன். எங்கள் வீட்டில் முதலில் பள்ளிக்கூடத்தை முடித்தவளும் நான்தான், முதலில் கல்லூரிக்குப் போனவளும் நான்தான். இதைச் சொல்லும்போது நான் கொஞ்சம் குரலைத் தாழ்த்திக்கொள்ள வேண்டும் என்று சிலர் எதிர்பார்க்கிறார்கள். எதற்காகத் தாழ்த்த வேண்டும்?

அருவி அம்மாவின் ஆசை. தண்ணீர் சும்மா கொட்டுவதைப் பார்க்க வேண்டும் என்பாள். குழாய்த் தண்ணீர் இல்லை, லாரித் தண்ணீர் இல்லை. யாரும் குடத்தை வரிசையில் வைக்காமல், யாரும் இன்னொருத்தி குடத்தைக் காலால் தள்ளாமல், தன் பாட்டுக்குக் கொட்டுகிற தண்ணீர். என் கைபேசியில் ஒரு மலையருவியைப் பார்த்ததிலிருந்து இதே பேச்சு. அவளுக்கு முழங்கால் வேறு போய்க்கொண்டிருந்தது. மீன் கூடைக்கு முன்னால் குந்தி உட்கார்ந்தே தேய்ந்த கால். சீக்கிரம் படி ஏறுவதையே மறந்துவிட வேண்டியிருக்கும் என்று மருத்துவர் சொல்லிவிட்டார். அந்த அருவிக்கோ படி ஏறித்தான் போக வேண்டும். இப்போது விட்டால் இனி இல்லை என்று ஆனது.

எப்போது போவது என்ற கேள்வி எங்களுக்கு எழவே இல்லை. கடலில் மீன் முட்டையிடும் அந்த இரண்டு மாதம் தடைக்காலம். பெரிய படகெல்லாம் காசிமேட்டில் கட்டிக் கிடக்கும். நைனா வீட்டில் இருக்கும் காலம் அது ஒன்றுதான். அலுவலகத்தில் விடுப்புக் கேட்டபோது பக்கத்து நாற்காலிக்காரர் சிரித்தார். "மே மாசத்துல யாராவது காட்டுக்குப் போவாங்களா? அக்டோபர்ல போகணும். அப்பதான் சூப்பரா இருக்கும்." அவர் அப்பாவுக்கு எந்த மாதத்தில் வேண்டுமானாலும் விடுமுறை கிடைத்திருக்கும் போலிருக்கிறது.

புறப்படுவதற்கு முந்தின நாள் செய்தித்தாளில் ஒரு சின்ன அறிவிப்பைப் பார்த்தேன். வீட்டில் உரக்கப் படித்தேன். காட்டுத்தீ அபாயம் இருப்பதால் அந்த மலையில் நடைபாதைக்கும் அருவிக்கும் போகப் பார்வையாளர்களுக்கு மறு அறிவிப்பு வரும் வரை தடை.

நைனா வலைக்கு முடிச்சுப் போட்டுக்கொண்டே கேட்டார். "தடையா? பெரிய போட்டுக்கா, சின்ன போட்டுக்கா?"

இந்தக் கேள்வியை உலகத்தில் வேறு யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். கடலில் தடை என்றால் அது ஆழ்கடலுக்குப் போய் இழுவலை போட்டு வழித்துக்கொண்டு வரும் பெரிய படகுகளுக்கு. கரையோரமாகப் போய் நாலு மீன் பிடித்து வருகிற சின்னப் படகுக்குத் தடை கிடையாது. எங்கள் ஆட்களுக்குத் தடை என்ற சொல்லிலேயே இந்தக் கணக்கு இருக்கிறது. யார் அதிகம் நாசம் செய்ய முடியுமோ அவனை முதலில் நிறுத்துவது.

"காட்லயும் அப்டிதாம்மா இருக்கும்" என்றார் நைனா. "லாரி வெச்சி மரம் அடிக்கிறவன், ஜீப்பு வுடறவன், அவனுக்குத் தடை. நாம நாலு பேரு, செருப்பு போட்டுகினு நடந்து போறவங்கோ. நாம சின்ன போட்டு."

அறிவிப்பில் அப்படி எதுவும் இல்லை என்று சொன்னேன். அதில் போட்டிருந்த தொலைபேசி எண்ணுக்கு அடித்தேன். எடுக்க ஆள் இல்லை. அதற்கு மேல் நான் வாதாடவில்லை. சட்டம் போட்டவன் நைனா அளவுக்காவது யோசித்திருப்பான் என்று நினைத்தேன்.

நைனா, அம்மா, நைனாவின் தங்கையான என் அத்தை, நான். பெரம்பூரில் ரயில் ஏறி, பிறகு பஸ், பிறகு ஷேர் ஆட்டோ. அத்தை வழியெல்லாம் எலுமிச்சை சாதத்தை மடியில் வைத்துக்கொண்டு, குரங்கு வந்தால் எதை முதலில் தூக்கும் என்று ஆராய்ச்சி செய்துகொண்டு வந்தாள்.

மலையடிவாரத்தில் சாலையின் குறுக்கே ஒரு தடுப்புக் கம்பம். பக்கத்தில் ஒரு காவலர், ஒரு பெரிய பலகை. வனத்தைக் காப்போம், தீயைத் தவிர்ப்போம், பார்வையாளர்களுக்கு அனுமதி இல்லை.

"எங்கேருந்து வரீங்க?" என்றார் காவலர்.

"ராயபுரம் சார்" என்றார் நைனா.

"மெட்ராஸா? பேப்பர்ல போட்டிருந்தாங்களே, பாக்கலிங்களா?"

"பாத்துட்டுத்தான் சார் வந்தோம். அது பெரிய போட்டுக்குத்தானே? நாங்க சின்ன போட்டு சார்."

காவலருக்குப் புரியவில்லை. நான் விளக்கினேன். புரிந்ததும் அவர் சிரித்த சிரிப்பு இருக்கிறதே! உள்ளே இருந்த இன்னொருவரைக் கூப்பிட்டு, "டேய், இங்க போட்ல வந்திருக்காங்கடா" என்றார். அவர்கள் சிரித்து முடிக்கும் வரை நைனாவும் கூடவே சிரித்தார். எனக்குத்தான் பற்றிக்கொண்டு வந்தது.

சிரித்து முடித்ததும் மரியாதையாகவே பேசினார். "மலை காஞ்சி சருகா கெடக்குதுங்க. ஒரு பீடித் துண்டு போதும். உள்ள மாட்டிக்கிட்டா எங்களாலயும் தூக்கிட்டு வர முடியாது." பிறகு நைனாவின் சட்டைப் பையைப் பார்த்தார். நைனா பீடிக் கட்டையும் தீப்பெட்டியையும் தாமாகவே எடுத்துக் கொடுத்தார். "கரெக்டு சார். தடைன்னா தடைதான். மதிக்கணும்" என்றார். தடைக்காலத்தில் திருட்டுத்தனமாகக் கடலுக்குப் போனவனோடு பேச்சை நிறுத்திக்கொள்கிறவர் அவர். எனக்கும் அந்த விதியில் குறை தெரியவில்லை. காடு எரியும் அபாயம் இருக்கும்போது அருவி பார்க்க வேண்டும் என்று அடம்பிடிக்கும் அளவுக்கு நாங்கள் முட்டாள்கள் இல்லை. திரும்பிப் போகத் தயாராகத்தான் இருந்தோம். அம்மா மட்டும் மலையைப் பார்த்தபடி நின்றாள்.

அப்போது பின்னால் ஒரு ஜீப் வந்து ஹாரன் அடித்தது. கறுப்புக் கண்ணாடி, தொப்பி, கழுத்தில் கேமரா என்று நிறையப் பேர். அதன் பின்னால் ஒரு சின்ன வண்டி. அதில் கட்டுக் கட்டாக விறகு. எங்களோடு சிரித்துக்கொண்டிருந்த காவலர் ஓடிப்போய்க் கம்பத்தைத் தூக்கினார். இரண்டு வண்டியும் மேலே போயின.

"அவங்க யாரு?" என்று கேட்டேன்.

"ரிசார்ட் கெஸ்ட்டுங்க. ரோட்டுக்குத் தடை இல்ல. நடந்து போற பாதைக்குத்தான் தடை."

"ரிசார்ட் எங்கே இருக்கு?"

"அருவிக்கு மேலங்க. பட்டா நெலம்."

"விறகு?"

அவர் தலையைச் சொறிந்தார். "ராத்திரி கேம்ப் ஃபயர் போடுவாங்க."

அத்தை சாதப் பையைக் கீழே வைத்தாள். "அய்ய! இன்னா நாயம்யா இது? எங்க அண்ணங்கிட்ட பீடிய புடுங்கிகினு, வெறகு வண்டிய சலாம் போட்டு அனுப்புற?"

"எனக்கு வந்த ஆர்டர் அதாம்மா. நானா எழுதனேன்?"

அவர் எழுதவில்லை, உண்மைதான். எழுதியவர்கள் என்னைவிட அதிகம் படித்தவர்கள். கால்நடையாக வருகிறவன் தீ வைப்பான், காரில் வருகிறவன் குளிர்காய்வான் என்று எந்தப் பாடத்தில் படித்தார்கள் என்றுதான் தெரியவில்லை. கடலில் தடை பெரிய படகுக்கு. மலையில் அதே தடையைச் சின்னப் படகுக்குத் திருப்பிப் போட்டிருக்கிறார்கள்.

அந்தப் பலகையை மறுபடி படித்தேன். தூய காற்று நம் உரிமை என்று கீழே ஒரு வரி வேறு. எங்கள் பக்கம் வந்து இதை நடட்டும். எண்ணூரில் புகைபோக்கிகள் விடாமல் புகைகின்றன. கோடையில் குப்பைமேடு பற்றினால் நாள்கணக்கில் எரியும், எம்.கே.பி. நகரில் ஜன்னலைச் சாத்திக்கொண்டு இருமுவார்கள். திருவொற்றியூரில் காயப்போட்ட துணியை உதறினால் கரி உதிரும். அந்த நெருப்புக்கெல்லாம் யாரும் ஒரு கம்பத்தைக் குறுக்கே போட்டு, உள்ளே போகாதீர்கள், உயிருக்கு ஆபத்து என்று சொன்னதில்லை. அங்கே யார் வேண்டுமானாலும் எப்போது வேண்டுமானாலும் வரலாம். வந்து தங்கி, இருமிக்கொண்டே வாழலாம்.

"வா, போலாம்" என்று அம்மாவைக் கூப்பிட்டேன். அவள் அசையவில்லை. கீழேயிருந்து இன்னொரு வண்டி முனகிக்கொண்டு ஏறி வந்தது. அதன் சத்தத்தைக் கேட்டதுமே, அது கண்ணில் படும் முன்பே, அம்மா திரும்பினாள். அந்தச் சத்தம் அவளுக்குத் தெரியும். தண்ணீர் லாரி. பின்பக்கக் குழாயில் ஒழுகிக்கொண்டே கம்பத்தைத் தாண்டி மேலே போனது.

"இன்னா சார், இங்கயும் லாரித் தண்ணியா?" என்றாள் அம்மா.

"ரிசார்ட்டுக்கும்மா. நீச்சல் கொளம் வெச்சிருக்காங்க."

"மேல அருவி கீதே!"

"இப்ப அருவியில ஏதும்மா தண்ணி? வெறும் பாறைதான். சொட்டுகூட இல்ல."

அம்மா சிரிக்க ஆரம்பித்தாள். முழங்காலைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் நீர் வரச் சிரித்தாள். "யோவ்" என்று நைனாவைக் கூப்பிட்டாள். "மெட்ராஸ்லேந்து லாரித் தண்ணி பாக்க வந்துகீறோம்யா!"

சிரிப்பு அடங்கியதும் காவலரிடம், "அப்ப எப்பதான் கொட்டும்?" என்றாள்.

"ஆவணி, புரட்டாசியில வாங்க. நல்லா கொட்டும். கேட்டும் தொறந்திருக்கும்."

அந்த மாதங்களில் நைனா கடலில் இருப்பார். அம்மா கூடையோடு இருப்பாள். இது முடியாது என்றுதான் நாங்கள் மூவரும் நினைத்தோம். அம்மா மட்டும் வேறு கணக்குப் போட்டுக்கொண்டிருந்தாள். "புரட்டாசில பாதி பேரு மீனத் தொடமாட்டான். சனிக்கெழம வியாபாரமே கெடையாது, ஈ ஓட்டிகினு குந்தணும். அன்னிக்கு வரேன்" என்றாள். "நீயி வர வாணாம்யா. நானும் என் பொண்ணும் வரோம்."

சொன்னபடியே புரட்டாசியில் ஒரு சனிக்கிழமை இருவரும் போனோம். கம்பம் தூக்கியிருந்தது. அதே காவலர். சீட்டுக் கொடுத்து உள்ளே விட்டார்கள். பாதையில் ஒரு சரிவு முழுக்க மரங்கள் இடுப்புவரை கருகி நின்றன. அடியில் புதுப் புல். கோடையில் எரிந்ததாம்.

"யாரு வெச்சது?" என்று காவலரிடம் கேட்டேன்.

"டூரிஸ்ட்டுங்கதான்."

"அப்போ டூரிஸ்ட்டை உள்ளே விடலையே. எங்களைத் திருப்பி அனுப்பினீங்களே. எந்த டூரிஸ்ட்?"

அவர் சீட்டைக் கிழிப்பதில் மும்முரமானார். பக்கத்தில் ஒரு புதுப் பலகை. கவனக்குறைவாக நடந்து செல்லும் பார்வையாளர்களே காட்டுத்தீக்குக் காரணம் என்று பச்சை வண்ணத்தில் எழுதியிருந்தார்கள். ஜீப்பில் செல்லும் பார்வையாளர்களைப் பற்றி அதில் ஒரு வார்த்தையும் இல்லை.

அம்மா படிகளில் பக்கவாட்டாக, கைப்பிடியைப் பற்றி, ஒவ்வொன்றிலும் இரண்டு காலையும் வைத்து ஏறினாள். வேகமாக ஏறிப்போன ஒரு பெண், "ஆன்ட்டி, முடியலன்னா கீழேயே இருக்கலாமே" என்றாள். "உனுக்கு வழி உட்டுட்டேன்ல, போ" என்றாள் அம்மா.

அருவி கொட்டியது. படத்தில் பார்த்ததைவிடச் சின்னது, சத்தம் மட்டும் பெரியது. அம்மா முகத்தைச் சுளித்துக்கொண்டு, தண்ணீர் பாறையில் விழுந்து கீழே ஓடுவதை விரலால் காட்டினாள். "இத்தினி தண்ணி சொம்மா பூடுது. எவனும் இன்னான்னு கேக்கல பாரு!" நிஜமாகவே கோபம். மேலே நிமிர்ந்து பார்த்து இன்னும் ஏதோ திட்டினாள். சத்தத்தில் எனக்குக் கேட்கவில்லை. திட்டிக்கொண்டே புடவையைத் தூக்கிச் செருகி, தேய்ந்த இரண்டு முழங்காலையும் தண்ணீருக்கு அடியில் கொண்டுபோய் வைத்தாள்.

கொஞ்ச நேரத்தில் ஒரு ஊழியர் வந்து விசில் அடித்தார். பார்த்தவர்கள் எல்லாம் கிளம்ப வேண்டுமாம், அடுத்த கூட்டம் காத்திருக்கிறதாம். மற்றவர்கள் செருப்பைத் தேட ஆரம்பித்தார்கள். அவர் அம்மாவுக்குப் பக்கத்தில் போய் மறுபடி அடித்தார். அம்மா திரும்பவில்லை. என்னைப் பார்த்து, "சொல்லுங்கம்மா அவங்ககிட்ட" என்றார்.

"நீங்களே சொல்லுங்க" என்று சொல்லிவிட்டு, நானும் செருப்பைக் கழற்றினேன்.