டாரல் விடாத பொத்தான்

மின்வேலை பார்த்துப் பிழைத்த கிளெனிஸ்தான் அந்தக் கோதுமைச் சீமையில் ஊர்க்காரர்களே நடத்தும் தீயணைப்புப் படைக்கு ரேடியோக்களையும் கவனித்தாள். இரண்டு குன்றுகளில் தனித்தனியாக இருந்த, ரேடியோப் பேச்சை வாங்கித் திரும்ப அனுப்பும் ரிப்பீட்டர்களை அவள் இணைத்த பிறகு, வடக்குப் பள்ளத்தாக்கில் பேசினால் தெற்கிலும் கேட்டது.

கேட்டதெல்லாம் குமட்டியது. புருஷனை விட்டு வந்து தெற்கில் தனியாகப் பண்ணை நடத்தும் மெரிலைப் பற்றி, வடக்கில் படையைச் சேர்ந்த டாரலும் கூட்டாளிகளும் ரேடியோவில் நாள்முழுக்க அசிங்கமாகப் பேசிச் சிரித்தார்கள்.

அந்நாட்டில் உச்சக் கோடையான ஜனவரியில் ஒரு மதியம் மெரிலின் வைக்கோல் கொட்டகை தீப்பிடித்தது. அவள் ரேடியோவில் கூப்பிட்டாள். ஒருவர் பேசும் பொத்தானை விடும்வரை மற்றவர் குரல் போகாது; டாரல் அதை விடாமல் அவளைப் பற்றியே அளந்துகொண்டிருந்ததால் அவள் குரல் யாரையும் எட்டவில்லை. புகையைப் பார்த்துக் கிளெனிஸ் போய்ச் சேர்வதற்குள் கொட்டகை கரியாகிவிட்டது. இருவருமாக ஆடுகளை மட்டும் காப்பாற்றினார்கள். தான் இணைக்காமல் இருந்திருந்தால் தெற்கின் அலைவரிசை மெரிலுக்குக் காலியாக இருந்திருக்குமே என்று கிளெனிஸ் நினைத்தாள்.

மறுநாளே குன்றேறி, யாராக இருந்தாலும் அரை நிமிடத்துக்கு மேல் பேசினால் தானாகத் துண்டிக்கும்படி ரிப்பீட்டர்களை மாற்றினாள்.

படையின் விருந்தில் கறி சுட்டுக்கொண்டே டாரல் கேட்டான்: "ஏன் கிளெனிஸ், பாதிப் பேச்சுல கட்டாகுதே, ரிப்பேரா?"

"இல்ல. உன் வாய்க்கு அரை நிமிஷமே ஜாஸ்தி."

"தமாஷுக்குப் பேசினது. மெரில் கூப்பிட்டது எனக்கெப்படித் தெரியும்?"

"அவளப் பத்தியே பேசிட்டிருந்தா அவ பேசறது எங்க கேக்கும்?"

அவன் சிரித்தபடி ஒரு கறித்துண்டை அவள் தட்டில் வைத்தான். அவன் கை பட்டதைத் தின்ன அவளுக்கு மனம் வரவில்லை. தட்டை அங்கே படுத்திருந்த நாய்க்கு முன்னால் வைத்துவிட்டு வண்டியை எடுத்தாள்.